மூளைக் கட்டியும் நம் கடமையும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நமக்குப் பெருமகிழ்ச்சி தரும் நாள். 25 ஆண்டுகளுக்கு முன் ஒரு கூரைக் கொட்டகையில் மாலை வகுப்பாகத் தொடங்கிய பணி, நம் தெருக்களிலிருந்து ஆசிரியர்களையும் செவிலியர்களையும் பொறியாளர்களையும் உருவாக்கியிருக்கிறது. இத்தகைய நாளில் நோயைப் பற்றி, அதிலும் மூளைக் கட்டி என்னும் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் எண்ணம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதோடு கல்வி முடிந்துவிடுவதில்லை. வீட்டில் ஒருவர் நோயுற்றால் எங்கே செல்ல வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், கையில் எந்தத் தாளை எடுத்துச் செல்ல வேண்டும் என்று அறிந்திருப்பதும் கல்வியே. அந்தக் கல்வி இல்லாத வீட்டில் நோயைவிடத் தாமதமே பெரிய பகையாகிறது.

நாம் மருத்துவர் அல்லோம், பள்ளி ஆசிரியர். மருந்து சொல்ல நாம் வரவில்லை. மருத்துவரிடம் செல்வதற்கு முன்னும், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்னும் நம்மால் ஆவது என்ன என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

முதலில் நோயின் தன்மையைப் பார்ப்போம். மனித மூளை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ளது. மண்டையோடு என்னும் கெட்டியான பெட்டிக்குள் அஃது அடங்கியிருக்கிறது. வயிற்றில் கட்டி வளர்ந்தால் வயிறு விரிந்து இடம் கொடுக்கும். மண்டையோடு இடம் கொடாது. எனவே சிறிய கட்டியாயினும் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. மூளையின் உள்ளும் புறமும் ஓடும் நீரின் வழியைக் கட்டி அடைத்துவிட்டால் அழுத்தம் இன்னும் விரைவாக ஏறும். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை இந்த அழுத்தத்தால் வருபவை. மேலும், மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு தொழில் உண்டு. ஒரு பகுதி கையை அசைக்கிறது. ஒரு பகுதி பேச்சைத் தருகிறது. பின்புறத்துச் சிறுமூளை நடையைத் தள்ளாடாமல் காக்கிறது. முன்பகுதி நம் குணத்தையும் நிதானத்தையும் ஆளுகிறது. கட்டி எங்கே இருக்கிறதோ அங்கே உள்ள தொழில் கெடுகிறது.

இதனை மருத்துவ வரலாறே மெய்ப்பித்துள்ளது. 1884 ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு நோயாளிக்குக் கை கால் துடிப்பும் தளர்ச்சியும் இருந்தன. எக்ஸ்ரே கூடக் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அந்த அடையாளங்களை மட்டுமே கொண்டு, மூளையின் இன்ன இடத்தில் கட்டி இருக்க வேண்டும் என்று ஹியூஸ் பென்னட் என்னும் மருத்துவர் கணித்தார். ரிக்மன் காட்லீ என்னும் அறுவை மருத்துவர் அவ்விடத்தைத் திறந்தார். கட்டி அங்கேயே இருந்தது. கட்டி அகற்றப்பட்டும், பின்னர் ஏற்பட்ட நச்சுத் தொற்றால் அந்நோயாளி ஒரு மாத அளவில் இறந்துவிட்டார். எனினும் அந்த அறுவை ஓர் உண்மையை உலகுக்குச் சொன்னது. உடல் காட்டும் அடையாளம் ஒரு மொழி. அதைப் படிக்கத் தெரிந்தவர்க்குக் கட்டி இருக்கும் இடமும் தெரியும்.

மூளைக் கட்டி என்றாலே சாவு என்று முடிவு கட்டுதல் தவறு. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அன்று. மூளையைப் போர்த்தியுள்ள உறையிலிருந்து எழும் கட்டிகள் பெரும்பாலும் மெல்ல வளர்பவை. பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுபவை. முழுவதும் அகற்ற இயன்றால் பலர் நலமடைந்து பல்லாண்டு வாழ்கிறார்கள். மூளைக்குள்ளேயே தோன்றிக் கடுமையாகப் பரவும் கட்டிகளும் உண்டு. வேறு உறுப்பிலுள்ள புற்றுநோய், குறிப்பாக நுரையீரல், மார்பகப் புற்றுநோய், மூளைக்குப் பரவுவதும் உண்டு. ஆகவே முன்பு அத்தகைய நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவர்க்குப் புதிதாகத் தலைவலியோ வலிப்போ வந்தால், பழைய நோயைப் பற்றி மருத்துவரிடம் தாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்நோய் தொற்றாது. நோயாளியின் தட்டில் உண்பதாலும் அருகில் உறங்குவதாலும் வாராது. பெரும்பாலோர்க்குப் பரம்பரையாகவும் வருவதில்லை. மிகச் சிலர்க்கே மரபுக் காரணம் உண்டு. தெய்வக் குற்றமும் அன்று, பிறர் வைத்த செய்வினையும் அன்று. தலையில் மிகுந்த கதிர்வீச்சுப் பட்டவர்க்கு வாய்ப்புக் கூடும் என்பது உறுதியாகத் தெரிந்தது. கைப்பேசியால் வருமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2011 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கைப்பேசிக் கதிர்வீச்சை 'ஒருவேளை காரணமாகலாம்' என்னும் ஐயப் பட்டியலில் வைத்தது. பின்னர் அந்நிறுவனம் கோரியதன்மேல் நடைபெற்று 2024 இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, கைப்பேசிக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு காணவில்லை. பெரும்பாலோர்க்குக் காரணம் இன்னதென்று சுட்ட இயலாது. ஆகவே, 'நீ செய்த தவற்றால் வந்தது' என்று நோயாளியைப் பழிக்க யார்க்கும் உரிமை இல்லை.

காரணம் தெரியாத நோயை வருமுன் தடுப்பது அரிது. ஆனால் வந்தபின் காலம் தாழ்த்தாதிருக்க வழி உண்டு. அவ்வழி பெரும்பகுதியும் வீட்டார் கையிலும் ஆசிரியர் கையிலும் அண்டை வீட்டார் கையிலும் இருக்கிறது.

தலைவலி இல்லாத வீடு இல்லை. வெயிலில் நடவு நட்டுத் திரும்பும் பெண்ணுக்கும், இரவு முழுதும் கண்விழித்துப் படிக்கும் மாணவனுக்கும் தலை வலிக்கத்தான் செய்யும். நூற்றுக்கணக்கான தலைவலிகளுள் மிக அரிதாக ஒன்றே கட்டியால் வருவது. ஆகவே அஞ்ச வேண்டா. ஆனால் சில தலைவலிகள் வேறு வகையானவை. இதுவரை இல்லாமல் புதிதாக வந்து, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவது. விடியற்காலையில் உறக்கத்தைக் கலைத்து எழுப்புவது. இருமினாலும் குனிந்தாலும் மிகுவது. வாந்தியோடு சேர்ந்து வருவது. நம் வீடுகளில் காலை வாந்திக்குப் 'பித்தம்' என்று பெயர் வைத்து, எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். இரண்டு மூன்று வாரம் தொடரும் காலை வாந்தியைப் பித்தம் என்று விட்டுவிடல் ஆகாது.

தலைவலியே இல்லாமலும் கட்டி வெளிப்படலாம். ஒரு பக்கத்துக் கையோ காலோ மெல்லத் தளர்வது. பேச்சில் சொல் தடுமாறுவது. ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது. பக்கப் பார்வை குறைந்து, கதவு நிலையிலும் எதிரே வருவோர் மீதும் மோதிக்கொள்வது. ஒரு காது மட்டும் மந்தமாகி அதில் இரைச்சல் கேட்பது. இவற்றுள் எதனையும் 'வயதாகிவிட்டது' என்று தள்ளிவிடக் கூடாது.

குணம் மாறுவதும் ஓர் அடையாளம். நாம் அறிந்த ஒருவர் சந்தையில் மூட்டை சுமந்து குடும்பத்தைக் காப்பாற்றியவர், அமைதியானவர். நாற்பத்தைந்து வயதில் அவர் போக்கு மாறியது. கூலியை எண்ணாமல் யாரிடமோ கொடுத்துவிடுவார், காரணமின்றிச் சீறுவார், பிறகு நாள் முழுதும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். குடிப்பழக்கம் தொற்றிக்கொண்டது என்றது ஊர். அவர் மனைவி, "இல்லை, அவர் வாயில் வாடையே இல்லை" என்று சொல்லியும் கேட்பார் இல்லை. எட்டு மாதம் கழித்துச் சந்தையிலேயே வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுக்கப்பட்டது. மூளையின் முன்பகுதியில் கட்டி இருந்தது. ஏழை ஒருவனின் நடத்தை மாறினால் அவனைக் குடிகாரன் என்பதற்கு இவ்வுலகம் காத்திருக்கிறது; நாமும் அப்படிச் சொல்லலாமா?

பெண்களைப் பற்றி ஒரு செய்தி தனியே சொல்ல வேண்டும். மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி உள்ளது. அதில் எழும் ஒருவகைக் கட்டியால் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், பிள்ளை பெறாமலே மார்பில் பால் சுரக்கும், கருத்தரிக்காது. நம் ஊர்களில் இப்பெண்ணுக்கு 'மலடி' என்று பெயர் சூட்டுவார்கள். கணவனுக்கு வேறு பெண் பார்ப்பார்கள். இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் இதனைக் கண்டறியலாம். பெரும்பாலோர்க்கு மாத்திரையாலேயே இவ்வகைக் கட்டி சுருங்கிவிடுகிறது, மாதவிலக்கு திரும்புகிறது, பலர் தாயாகிறார்கள். வெட்கத்தால் வாய் மூடியிருக்கும் ஒரு பெண்ணுக்கு இச்செய்தி எட்டினால், அதற்காகவே இவ்வுரை ஆற்றியது தகும்.

அடுத்து வலிப்பு. வயது வந்த ஒருவர்க்கு முதன்முறையாக வலிப்பு வந்தால் அவருடைய தலையை ஸ்கேன் செய்து பார்த்தே ஆக வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பதை இன்னும் காண்கிறோம். அதனால் பயன் இல்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்து ஆடையைத் தளர்த்தி, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். வாயில் நீரோ கரண்டியோ எதுவும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலும் 108 ஐ அழையுங்கள்.

ஸ்கேனில் ஏதோ புள்ளி தெரிகிறது என்றவுடன் மனம் உடைந்துவிட வேண்டா. நம் நாட்டில் வலிப்புக்கும் மூளையில் தெரியும் சிறு கட்டிகளுக்கும் வேறு இரு காரணங்கள் மிகுதி. ஒன்று, காசநோய்க் கட்டி. மற்றொன்று, நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வரும் நீர்க்கட்டி. இவ்விரண்டும் பெரும்பாலும் மருந்தாலேயே குணமாகின்றன. நாடாப்புழுக் கட்டியைப் பன்றி இறைச்சி உண்போர் நோய் என்று சொல்லி நம் மக்களை இகழ்வோர் உண்டு. சரியாக வேகாத பன்றி இறைச்சியால் குடலில் புழு வளரும் என்பது உண்மை. ஆனால் மூளைக்குச் செல்வது, மனிதக் கழிவிலிருந்து நீரிலும் கழுவாத காய்கறியிலும் கையிலும் ஒட்டி வயிற்றுக்குள் போகும் முட்டை. வாழ்நாளில் இறைச்சியே தொடாதவர்க்கும் இந்நோய் வருகிறது. தூய குடிநீரும் கழிப்பிடமும் இல்லாத தெரு எதுவோ, அதுவே இந்நோயின் இருப்பிடம். குற்றம் உணவில் இல்லை. அந்த வசதிகளை நம் தெருவுக்குக் கொடாததில் இருக்கிறது.

இனிக் குழந்தைகளைப் பற்றிச் சொல்வோம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுபவற்றுள் மூளைக் கட்டியும் ஒன்று. குழந்தைக்குத் தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாது. ஆகவே நாமே பார்க்க வேண்டும். கைக்குழந்தையாயின் தலை அளவுக்கு மீறிப் பெருப்பது. கண்மணிகள் கீழ்நோக்கியே நிற்பது. வளர்ந்த குழந்தையாயின் காலை வாந்தி, புதிதாக மாறுகண், தலையை ஒருபுறம் சாய்த்தே வைத்திருப்பது, நன்றாக நடந்தவன் தள்ளாடுவது, படிப்பில் திடீர்ச் சரிவு. பருவ வயதினர்க்கு வளர்ச்சி நின்றுபோவது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் காலையில் மட்டும் வாந்தி வரும். பத்து மணிக்கு மேல் தெளிந்துவிடுவாள். பள்ளிக்கு வர மனமின்றி நடிக்கிறாள் என்றனர் சிலர். கணக்கு ஆசிரியை மட்டும் அவளுடைய பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முன்பு ஒன்றன்கீழ் ஒன்றாக நின்ற எண்கள் இப்பொழுது சரிந்து கிடந்தன. மாடிப்படியில் அவள் சுவரைப் பிடித்தே ஏறுவதையும் அவர் கவனித்திருந்தார். கூலி வேலைக்குச் செல்லும் தாயை அழைத்துச் சொல்லி, மறுநாளே அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அனுப்பினோம். கண் மருத்துவர் விழியின் பின்புறத்தைக் கருவி கொண்டு நோக்கினார், நரம்பு வீங்கியிருந்தது. மூளையில் அழுத்தம் ஏறியிருப்பதை அந்த எளிய சோதனையே காட்டிவிட்டது. அன்று மாலையே அவள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டாள். சிறுமூளையில் கட்டி. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டுக்குப் பின் பள்ளிக்குத் திரும்பினாள். இன்று கல்லூரியில் படிக்கிறாள். நடையில் சிறு தள்ளாட்டம் உண்டு. கையெழுத்து இன்னும் அழகாகவில்லை. ஆனால் இருக்கிறாள், படிக்கிறாள்.

இது தனி ஒருத்தியின் நற்பேறு அன்று. முயன்றால் நாடு முழுவதும் ஆகக் கூடியது. பிரிட்டனில் 2011 ஆம் ஆண்டு 'ஹெட்ஸ்மார்ட்' என்னும் இயக்கம் தொடங்கப்பெற்றது. குழந்தைகளின் மூளைக் கட்டிக்கான அடையாளங்களைச் சிறிய அட்டையில் அச்சிட்டு, பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் மருத்துவர்க்கும் பரப்பினார்கள். அதற்கு முன் முதல் அடையாளம் தோன்றியதிலிருந்து நோய் கண்டறியப்படும் வரை ஏறத்தாழ 14 வாரங்கள் கழிந்துகொண்டிருந்தன. சில ஆண்டுகளில் அது 7 வாரத்திற்கும் குறைந்தது. ஓர் அட்டையும் அதைப் படித்த மக்களுமே இம்மாற்றத்தின் முதற்கருவி. நம்மால் ஓர் அட்டை அச்சிட இயலாதா?

கருவிகளின் கதையையும் இளைஞர்கள் அறிய வேண்டும். தலைக்குள் இருப்பதைத் திறவாமலே காட்டும் சி.டி. ஸ்கேன் 1971 அக்டோபர் முதல் நாள் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது. அந்நோயாளி மூளைக் கட்டி இருக்குமோ என்று ஐயுற்ற ஒரு பெண். அக்கருவியை உருவாக்கிய காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவரும் அல்லர்; பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரும் அல்லர்; ஒரு பொறியாளர். 1979 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவரையும் ஆலன் கார்மக் என்பவரையும் வந்தடைந்தது. கட்டியை இன்னும் நுட்பமாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கட்டியின் இனத்தை உறுதியாகச் சொல்வது அதன் சிறு துணுக்கை எடுத்துச் செய்யும் திசு ஆய்வு.

சிகிச்சைக்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் நரம்பு அறுவை மருத்துவம் வேரூன்றியதே நம் மாநிலத்தில்தான். 1949 ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அத்துறையைத் தொடங்கினார். 1950 ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. இராமமூர்த்தி தொடங்கினார். இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் நரம்பு அறுவை மருத்துவப் பிரிவு உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கென 1954 ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியால் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையமும் உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூளை அறுவையும் கதிர்வீச்சும் அடங்கும். நோய் வந்தபின் அட்டைக்கு அலையாமல், குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இப்பொழுதே பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையில் இரண்டு எச்சரிக்கைகள். மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையையும் வலிப்புத் தடுப்பு மாத்திரையையும், 'நலமாகிவிட்டது' என்று எண்ணித் தாமே நிறுத்தக் கூடாது. அதனால் உயிர்க்கே இடர் நேரலாம். அடுத்து, கட்டியைக் கரைத்துத் தருகிறோம் என்று பணம் பறிப்போரை நம்பாதீர்கள். நாட்டு மருத்துவத்தை இகழ்ந்து இதனைச் சொல்லவில்லை. நம் அறிவு மரபின் முன்னோடியான அயோத்திதாசப் பண்டிதரே சித்த மருத்துவர்தாம். நோய் இன்னதென்று தேர்ந்து பார்ப்பதே மருத்துவம். ஸ்கேனையும் பாராமல் உறுதி கூறிப் பொட்டலம் விற்பது வணிகம்.

எல்லாக் கட்டியும் குணமாவதில்லை என்பதையும் மறையாமல் சொல்ல வேண்டும். மிகக் கடிய வகையான கிளியோபிளாஸ்டோமா என்னும் கட்டிக்கு, அறுவை, கதிர்வீச்சு, மாத்திரை யாவும் தந்த பின்னும் பாதிப் பேர் ஏறத்தாழ 15 மாதங்களே வாழ்கிறார்கள். நாம் முன்னர்ச் சொன்ன சுமைதூக்கும் தோழர்க்கு வந்ததும் அதுவே. ஆனால் சிகிச்சைக்குப் பின் அவருடைய குணம் ஓரளவு திரும்பியது. மகளின் கையைப் பிடித்துப் பேசினார்; கொடுக்க வேண்டிய கடனைச் சொன்னார்; வர வேண்டியதையும் சொன்னார். தெரு இளைஞர்கள் முறை வைத்து இரவில் உடனிருந்ததால் அவர் மனைவி உறங்க முடிந்தது. பகலில் கூலிக்குச் செல்ல முடிந்தது. பதினான்காம் மாதம் அவர் மறைந்தார். குடிகாரன் என்ற பெயரோடு மறையவில்லை. நோயோடு போராடிய மனிதராக மறைந்தார். முன்னரே கண்டறிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நாம் அறுதியிட்டுக் கூற மாட்டோம். ஆனால் அந்த எட்டு மாத இகழ்ச்சி அவர்க்கும் அவர் குடும்பத்துக்கும் நேர்ந்திராது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். அந்த நான்காம் இடம் ஆளின்றிக் கிடக்கிறது. அதனை நம் கழகம் ஏற்க வேண்டும் என்பதே இவ்வெள்ளி விழாவில் நாம் வைக்கும் வேண்டுகோள். அதற்குச் சில நடைமுறை யோசனைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

நாம் கூறிய அடையாளங்களை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் அச்சிட்டுப் படிப்பகத்திலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சூன் 8 ஆம் நாள் உலக மூளைக் கட்டி நாள்; 2000 ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கப்படுவது. அந்நாளில் அதனை உரக்கப் படித்துக் காட்டலாம்.

ஒவ்வொரு தெருவிலும் படித்த இளைஞர் இருவர், ஆணும் பெண்ணுமாக, மருத்துவமனைக்கு உடன் செல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத நம் தாயொருத்தி சீட்டோடு நிற்கும்போது ஒரு சன்னலிலிருந்து மறு சன்னலுக்கு விரட்டப்படுகிறாள். படித்த ஒருவர் அருகில் நின்று, "ஐயா, எந்தப் பிரிவு, எந்நாள் வர வேண்டும், எழுதிக் கொடுங்கள்" என்று பணிவோடு கேட்டால் மறுமொழியின் தொனியே மாறுகிறது. நீங்கள் படித்த படிப்பின் முதல் பயன் அந்தச் சன்னலருகே இருக்கட்டும்.

நோயாளியின் ஸ்கேன் படங்கள், திசு ஆய்வு முடிவு, வெளியேற்றச் சுருக்கம் ஆகியவற்றை ஒரே பையில் வைத்து, படியெடுத்து, கைப்பேசியிலும் படம் பிடித்து வைக்கக் கற்பிக்க வேண்டும். ஒரு தாள் தொலைந்தால் ஒரு மாதம் தொலையும்.

கழகத்தில் இரத்த வகைப் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். மூளை அறுவைக்கு இரத்தம் தேவைப்படலாம். பதினெட்டு வயது நிரம்பிய, உடல்நலமுள்ள ஒவ்வோர் இளைஞனும் அதில் பெயர் எழுதட்டும். சிகிச்சை இலவசமாயினும் பேருந்துக் கட்டணமும் உடனிருப்போர் உணவும் இழந்த கூலியும் யார் தருவார்? பல குடும்பங்கள் பாதியில் திரும்புவது அங்கேதான். வெள்ளி விழா நிதியில் சிறு பகுதியை அதற்கென ஒதுக்க வேண்டுகிறோம்.

நோயிலிருந்து மீண்டு பள்ளிக்கு வரும் பிள்ளையை முதல் வரிசையில் அமர்த்துங்கள். மெதுவாக எழுதினால் பொறுத்திருங்கள். உடல் ஊனமோ பார்வைக் குறைவோ நிலைத்துவிட்டால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்று, பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதும் துணையாளும் கேட்டுப் பெறலாம். இது சலுகை அன்று, அவர்கள் உரிமை. முடி உதிர்ந்த தலையைப் பார்த்து யாரும் சிரிக்கலாகாது என்பதை வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நண்பர்களே, இளைஞர்களே! இவ்வூரில் மருத்துவமனை கட்டும் வலிமை நம் கழகத்திற்கு இன்று இல்லை. ஆனால் சரிந்த எண்களைக் கவனிக்கும் கண் நமக்கு உண்டு. "அவர் வாயில் வாடையே இல்லை" என்று சொல்லும் மனைவியை நம்பும் காது உண்டு. மருத்துவமனைச் சன்னலருகே உடன் நிற்கும் கால் உண்டு. இவற்றிற்குப் பொருட்செல்வம் வேண்டியதில்லை. அடுத்த மாதக் கூட்டத்திற்குள் அந்த ஒரு பக்க அட்டையை எழுதித் தரும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். தெருவுக்கு இருவராகப் பெயர் கொடுக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பெயரெழுதும் நோட்டு இவ்வரங்கின் வாயிலிலேயே வைக்கப்பட்டுள்ளது.